விலை கேட்கும் காது

காது கழுவி முடிக்கும்வரை திபுர்சியோ யாரோடும் பேசமாட்டார். தேங்காய்ச் சிரட்டையில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் இரண்டு சொட்டு எண்ணெய். சுண்டுவிரலில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு முதலில் மடலின் மடிப்புகளைத் துடைப்பார், பிறகு துவாரம், பிறகு காதுக்குப் பின்னால் உப்பு படிகிற இடம். இவ்வளவு பணிவிடையும் இடது காதுக்கு மட்டும்தான். வலது காதுக்கு, முகம் கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் போதும். "வலது வீட்டுக்கு, இடது பொழப்புக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது" என்பார். முடி வெட்டுகிறவன் கத்தியை இடது பக்கம் கொண்டுபோனால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

சபாங் துறையில் மீன் ஏலத்தைக் கூவுவதில்லை. விடியும் நேரத்தில் படகுகள் கரை சேர்ந்ததும் மீன் தொட்டிகளை ஈரத்தரையில் வரிசையாக வைப்பார்கள். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி ஒன்றின்மேல் திபுர்சியோ உட்காருவார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, அவருடைய இடது காதில் தங்கள் விலையை ஊதிவிட்டு நகர்வார்கள். ஒருவர் ஊதியது இன்னொருவருக்குத் தெரியாது. கடைசி ஆளும் நகர்ந்த பிறகு அவர் கண்ணை ஒரு கணம் மூடித் திறப்பார். உதட்டைக் குவித்து யார் பக்கம் நீட்டுகிறாரோ, தொட்டி அவருக்கு. விரலை நீட்டிக் காட்டினால் மரியாதைக் குறைவு. அங்கே உதடுதான் விரல்.

தொட்டி கிடைத்தவர் படகுக்காரி டோன்யா சியோனின் மேசைக்குப் போவார். பின்னாலேயே திபுர்சியோ போய், அந்த ஒரு விலையை மட்டும் சொல்வார். தோற்றவர்களின் விலைகள் அவரோடு முடிந்துபோகும். இத்தனை வருடத்தில் ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. ஒவ்வொருவர் ஊதி முடித்ததும் தோளில் கிடக்கிற சின்னத் துண்டால் காதைத் துடைத்துக்கொள்வார். "முந்தின வெல ஒட்டிக்கிட்டுக் கெடந்தா, அடுத்தவன் வெல உள்ள போவாது." புதிதாக வந்த வியாபாரி ஒருவன் குனிந்து, விலையோடு சேர்த்து ஒரு ஆபாச நகைச்சுவையையும் சொல்லிவிட்டான். அவர் எழுந்து, கடலில் இறங்கிக் காதைக் கழுவிக்கொண்டு வந்தார். துறை முழுக்க அரைமணி நேரம் காத்திருந்தது.

காதுக்குள் விலை போகும்போது கன்னத்தில் மூச்சும் படும். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் துறையில் யார் வீட்டில் நேற்றிரவு பன்றிக்கறி, யார் குடித்தார், யாருக்குக் கடைவாய்ப்பல் அழுகுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். காப்பித்தூள் வாங்க முடியாதவர்கள் அரிசியைக் கருக வறுத்துக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அதன் வாசம் தனி. அந்த வாசமும் இல்லாமல் வருகிறவர்கள் உண்டு. ஒன்றும் போகாத வயிற்றிலிருந்து வருகிற மூச்சு, மூடியே வைத்திருந்த தகரப் பெட்டியைத் திறந்தது போலிருக்கும். அதைத்தான் அவருக்குத் துடைக்கத் தெரியாது.

சேற்றுக்கு மேலே கால் ஊன்றி நிற்கிற மூங்கில் வீடு அவருடையது. அந்த வீட்டில் யாரும் கிசுகிசுக்கக் கூடாது. "நாள் முச்சூடும் ஊரான் மூச்சக் காதுல வாங்கிட்டு வர்றேன். வீட்டுலயாவது மனுசக் கொரலக் கேக்கணும்ல?" ஆகவே மனைவி சலூத், உப்பு தீர்ந்துபோனதையும் தன் மூட்டு வலியையும் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிய வம்பையும் ஒரே உரத்த குரலில் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி மூங்கில் தட்டிக்கு அந்தப்பக்கமிருந்தே பதில் சொல்வாள். மகள் மெலித்தா கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாக ஏதோ சொன்னாள். "சத்தமாச் சொல்லு! என்ன பழக்கம் இது?" என்றார். அவள் அழுதுகொண்டே கத்தினாள்: "நான் முழுகாம இருக்கேன்ப்பா!" சலூத் மார்பில் அடித்துக்கொள்வதற்குள் தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது: "ஆம்பளப் புள்ளையாப் பொறக்கட்டும், மாங் திபோ!"

ஊரில் எல்லோருக்கும் அவர் மாங் திபோதான்.

கோவிலிலும் இதே கதை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை பாவமன்னிப்பு. எல்லோரும் சல்லடைத் தட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். திபுர்சியோ முழுக்குரலில் சொல்வார். "சாமி, போன வாரம் கும்பாரே க்ளேதோவ மனசுக்குள்ள பன்னின்னு திட்டிட்டேன்!" வரிசையில் நான்காவதாக க்ளேதோவே நின்றுகொண்டிருந்தார். அவர்தான் மெலித்தாவுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில்தான் இருவரும் கும்பாரே. கோவில் என்றும் பார்க்காமல் ஜனம் சிரித்தது. முதல் வெள்ளியன்று வரிசை நீளமாக இருப்பதற்குத் திபுர்சியோவும் ஒரு காரணம்.

அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "நமக்கு என்ன கொறச்சல்?" ஒருதடவை புயலில் கூரை பறந்துவிட்டது. விடிந்ததும் பாயில் மல்லாந்து கிடந்தபடியே, "வானம் எவ்வளவு கிட்டத்துல தெரியுது பாரு. நமக்கு என்ன கொறச்சல்?" என்றார். "அடுத்த மழைக்குத் தெரியும் என்ன கொறச்சல்னு. எந்திரிச்சு ஓலையப் பொறுக்கு" என்று சலூத் கத்தினாள். அவருடைய கூலி, நாளுக்குச் சமையலுக்காகும் மீனும் சில்லறையும். சுமை தூக்குகிறவர்கள் அவரைக் கண்டால், "ஒனக்கென்ன கொறச்சல், மாங் திபோ?" என்று முந்திக்கொண்டு கேட்பார்கள். "ஒண்ணுமில்லடா!" என்று அவர் சொல்ல வேண்டும். தினமும் சொல்வார். வெறும் பேச்சுக்காகச் சொல்வதில்லை. பாயில் தலை வைத்ததும் தூங்கிவிடுகிற மனிதர் அவர். எந்த விலையும் அவர் காதில் வளைந்ததில்லை. அதனால் எந்த விலையும் இரவில் திரும்பி வந்து அவரை எழுப்பியதில்லை.

இதைப் பார்த்து வயிறெரிகிறவர் க்ளேதோ. மணிலாவுக்கு ஐஸ் போட்டு மீன் அனுப்புகிறவர். மூன்று லாரி, இரண்டு மாடி, ஒரு தங்கப்பல். வயிற்றுப்புண்ணுக்காக எப்போதும் புதினா மிட்டாய் சப்புவார். அவர் ஊதுகிற விலை ஈரமாகவும் நடுக்கமாகவும் இருக்கும். ஒரு தொட்டிக்கு ஒரு தடவை ஊதினால் அவருக்கு மனம் ஆறாது. நாலு எட்டு நடந்துபோய், திரும்பி வந்து, கொஞ்சம் ஏற்றி ஊதுவார். யாரும் போட்டிக்கு நிற்காத தொட்டிக்குக்கூட அப்படித்தான். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கும்பாரே, நீ எதையும் சொல்ல வேணாம். நான் மத்தவங்களத் தாண்டிட்டேன்னா ஒரு கண்ணச் சிமிட்டு. அவ்வளவுதான். ஒன் வீட்டுக்குத் தகரக் கூரை நான் போடுறேன்."

"கூரைக்குக் கீழ படுத்துத் தூங்கணுமே, கும்பாரே. நீ ரெண்டு மாடி கட்டியிருக்கே. தூங்குறியா?"

க்ளேதோ சிரித்தார். கோபிக்கவில்லை. உண்மையிலேயே அவர் தூங்குவதில்லை.

கடைசியாக வந்து ஊதுகிறவள் சிமாங். ஃபெலிசிசிமா என்பது ஞானஸ்நானப் பெயர். அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. தலையில் அலுமினியப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு மேட்டுத் தெருக்களில் வீடு வீடாக மீன் விற்பாள். வீட்டில் கணவன் கை கால் விழுந்து படுத்திருந்தான். கிடைத்தால் ஒரு தொட்டி, கிடைக்காவிட்டால் சதுப்பில் இறங்கி வள்ளைக்கீரை பறித்து விற்பாள். தொட்டி கிடைக்காத நாளில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, "நாளைக்குள்ள கடல் வத்திடாது" என்று சொல்லிவிட்டுப் போவாள். படகுப் பையன்கள் இலவசமாக நீட்டுகிற மீனைத் தொடமாட்டாள். "வெலைக்குக் குடுத்துட்டுக் காசு வாங்கிக்கடா, சும்மா குடுத்தா எனக்கு முள்ளு குத்தும்" என்பாள். அவள் ஊதுகிற விலை குறைவாக இருக்கும். ஆனால் அதில் நடுக்கம் இருக்காது. வீட்டிலேயே யோசித்து மடித்து எடுத்துவந்த விலை. நாளின் கடைசியில் அந்த மூச்சு காதில் விழும்போது, கூட்டம் கலைந்துபோன சந்தை மாதிரி திபுர்சியோவுக்கு ஒரு அமைதி வரும்.

தென்மேற்குக் காற்று விடாமல் அடித்த வாரம் அது. பெரும்பாலான படகுகள் கடலுக்கே போகவில்லை. போன ஒன்றிரண்டும் சாளையைத்தான் கொண்டுவந்தன. மணிலாவில் விலை ஏறியிருந்ததால் வந்ததையெல்லாம் க்ளேதோ அள்ளிக்கொண்டு போனார். சிமாங் தினமும் வந்தாள், ஊதினாள், தோற்றாள். சதுப்பில் தண்ணீர் ஏறிக் கீரையும் அழுகிவிட்டது. முதலில் அவளுடைய மூச்சில் வறுத்த அரிசிக் காப்பி இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு படகு. தொட்டிகள் ஒவ்வொன்றாகக் க்ளேதோவின் லாரிக்குப் போய், கடைசித் தொட்டி மட்டும் தரையில் இருந்தது. க்ளேதோ ஊதினார், நாலு எட்டு நடந்தார், திரும்பி வந்து ஏற்றி ஊதினார். கடைசியாகச் சிமாங் குனிந்தாள். அதே அமைதியான விலை. க்ளேதோவுடையதில் பாதிகூட இல்லை. தகரப் பெட்டி திறந்தது.

திபுர்சியோ கண்ணை மூடினார். ஒரு தொட்டி. க்ளேதோவின் லாரியில் அது ஒரு மூலை. டோன்யாவுக்கு விழுகிற குறைவைத் தன் கூலி மீனைக் கொஞ்சநாள் வாங்காமல் சரிக்கட்டிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? வழக்கத்தைவிட நீண்ட நேரம் கண் மூடியிருந்தது. திறந்தபோது அவருடைய உதடு சிமாங்கின் பக்கம் நீண்டது.

சிமாங் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

டோன்யா சியோன், சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கிற பழங்காலத்துப் பெண்மணி. சிமாங் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். திபுர்சியோ இன்னும் விலையைச் சொல்லவில்லை. அதற்குள் க்ளேதோ வந்துவிட்டார்.

"என்ன சிமாங், லாட்டரி விழுந்துடுச்சா? என்னத்த ஊதுனே அந்தக் காதுல?"

தோற்றவர் கேட்கக் கூடாத கேள்வி. துறையில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. சுமை தூக்குகிறவன் ஒருவன் அந்தச் சங்கடத்தை மாற்றப் பார்த்தான்: "வெல எங்க ஊதுனா? முத்தத்தக் குடுத்திருப்பா!" நாலு பேர் சிரித்தார்கள். க்ளேதோ சிரிக்கவில்லை.

"நான் ஊதுனது எனக்குத் தெரியும்ல? இந்தக் காத்துல, இந்தச் சாளைக்கு, அதத் தாண்டி ஒருத்தி ஊதியிருக்கான்னா தெரிஞ்சுக்கிறேன். அது தப்பா?" திபுர்சியோவின் பக்கம் திரும்பினார். "தப்பா, கும்பாரே?"

திபுர்சியோவின் கை தோளுக்குப் போய்த் துண்டை எடுத்தது. யாரும் எதையும் ஊதாதபோது அவர் இடது காதைத் துடைத்தார். சிமாங் அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொள்வதை அவரும் பார்த்தார்.

"நீ என்ன ஊதுனேன்னு முதல்ல சொல்லு" என்றாள் க்ளேதோவிடம்.

க்ளேதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சாளைக்கு யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

"அதுக்கு மேல அம்பது பெசோ" என்றாள் சிமாங்.

டோன்யா சியோன் சுருட்டை வெளியே எடுத்தாள். "அப்படியா, மாங் திபோ?"

ஒரு வார்த்தை போதும். இல்லை, டோன்யா, இந்தப் பொம்பள ஊதுனது வேற, வளைஞ்சது என் காது. அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. சிமாங் அவரைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திபுர்சியோ இரண்டு புருவங்களையும் உயர்த்தினார். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். வாயால் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

சிமாங் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, இருந்ததையெல்லாம் மேசையில் வைத்தாள். போதவில்லை. கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். அவள் அம்மா போட்டுவிட்ட சின்னத் தங்க வளையங்கள். புயலுக்கும் கணவனின் வைத்தியத்துக்கும் கழற்றாதவை. இடது பக்கம் சுலபமாக வந்தது. வலது பக்கம் சதையில் புதைந்துபோயிருந்தது. விரலில் எச்சிலைத் தொட்டுத் தடவித் திருகினாள். டோன்யா சியோன் அவற்றை உள்ளங்கையில் போட்டு ஒருதடவை குலுக்கிப் பார்த்து, "இருக்கட்டும். மீட்டுக்கோ" என்றாள். மீட்க முடியாது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"சரி, என் சந்தேகம்தான் தப்பு" என்று க்ளேதோ திபுர்சியோவின் தோளைத் தட்டினார். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. "கும்பாரேன்னுகூடப் பாக்கல பாரேன்! நாளைக்கு இன்னும் ஏத்தித்தான் ஊதணும் போல."

"காதுன்னா அதுதான்டா காது" என்றார் கிழவர் ஒருவர். டோன்யா சியோன், சாளையோடு வலையில் விழுந்திருந்த ஒரு கூடை கானாங்கெளுத்தியைத் திபுர்சியோவின் பக்கம் தள்ளினாள். "காதுக்கு மாலையா போட முடியும்? கொண்டுபோய்ச் சூப்பு வெச்சுக் குடி." முத்தம் என்று கேலி செய்தவன் தூரத்திலிருந்து கத்தினான்: "ஒனக்கென்ன கொறச்சல், மாங் திபோ?"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

மேட்டுத் தெருவுக்கு ஏறுகிற வழியில் அவளை எட்டிப் பிடித்தார். பாத்திரம் நிறையச் சாளை. அதைச் சுமந்த கழுத்து நேராக இருந்தது. காது மடல்கள் அவருக்குப் பழக்கமில்லாத மாதிரி வெறுமையாக இருந்தன.

"சிமாங், ஏன் அப்படிச் சொன்னே?"

"வெயில் ஏறுது, மாங் திபோ. மீனு கெட்டுப்போயிடும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அன்று மாதத்தின் முதல் வெள்ளி. மாலையில் கோவில் வரிசையில் அவர் நின்றதும் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒரு கிழவி, "நீங்க முன்னாடி போங்க, மாங் திபோ, எனக்கு அவசரமில்ல" என்று வழிவிட்டாள். கேட்டு ரசித்துவிட்டுத் தன் பாவங்களைச் சொல்லலாமே. அவர் தட்டிக்கு முன் மண்டியிட்டார். பழக்கத்தில் குருவானவரும் உரக்கவே பேசினார்: "சொல்லுங்க, மாங் திபோ!" கோவில் காது கொடுத்தது. "ஒண்ணுமில்ல, சாமி. அடுத்த மாசம் வர்றேன்" என்று எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். மெதுவாகவும் பேசலாம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஊர் முழுக்க அவரிடம் அப்படித்தானே பேசுகிறது. ஆனால் அந்தக் கிசுகிசுப்பை இதற்குப் பயன்படுத்த அவரால் முடியவில்லை.

வீட்டில் அவரால் முடிந்தது. சலூத் அடுப்பில் இஞ்சிக்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் போய்க் குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார். கல்யாணமான புதிதுக்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. சலூத் தோளைக் குறுக்கிக்கொண்டு, "வயசான காலத்துல என்ன இது, தள்ளு!" என்று சிரித்தாள். அவர் பேசினார். சிரிப்பு நடுவில் நின்றுபோனது. அவர் சொல்லி முடித்ததும் அவள் பழக்க தோஷத்தில் முழுக்குரலில் ஆரம்பித்தாள்: "அடப்பாவி, அந்தப் பொம்பளயோட காது வளையத்த..." அவர் அவள் வாயைப் பொத்தினார். தட்டிக்கு அந்தப்பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

சலூத் ஒரு கிண்ணம் நிறையக் கஞ்சியை ஊற்றி, மேலே டோன்யா கொடுத்த மீனில் இரண்டு துண்டு வைத்து மூடி, பலகைப் பாதையில் மூன்று வீடு தள்ளிப் போனாள். சிமாங்கின் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. சாளையில் பாதி விற்காமல் வாசலில் கிடந்தது. அவ்வளவு விலைக்கு வாங்கியதை எந்த விலைக்கு விற்றாலும் நட்டம். கொஞ்சத்தை உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மிஞ்சிப்போச்சு, சிமாங்" என்றாள் சலூத்.

அந்த வரிசையில் எந்த வீட்டிலும் கஞ்சி மிஞ்சியதில்லை. சிமாங் உப்புக் கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"அவருக்குக் காது மட்டும்தான் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன், சலூத்" என்றாள். "மூக்கும் வெச்சிருக்காரா?"

எந்த ரகசியத்தையும் மெதுவாகச் சொல்லிப் பழகாத சலூத், முதல்முறையாகச் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

நன்றாக இருட்டுவதற்குள் கிண்ணம் கழுவித் துடைத்து வந்துவிட்டது. வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதில் முருங்கைக்கீரை நிறைந்திருந்தது. பழுப்பு ஒன்றில்லாமல், கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளியது. அன்று திபுர்சியோ சாப்பிடவில்லை. பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓலை நன்றாக வேயப்பட்டிருந்தது, வானம் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் காது கழுவினார். சிரட்டைத் தண்ணீர் ஆறிப்போன பிறகும் துணியைச் சுற்றிய விரல் அதே மடிப்பில் போய் வந்துகொண்டிருந்தது. "காது தேஞ்சிடப் போவுது" என்றாள் சலூத். உரக்கச் சொல்லவில்லை.

காற்று தணிந்திருந்தது. இரண்டு படகுகள் வந்திருந்தன. துறையில் கொஞ்சம் கலகலப்பு. நேற்றைய கதை எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அவர் உட்காரப்போன பெட்டியை ஒருவன் தன் சட்டையாலேயே துடைத்துவிட்டான். எந்த நாளையும்விட அதிகமான மரியாதையோடு ஒவ்வொருவரும் குனிந்தார்கள். பூண்டுச்சோறு, புகையிலை, அழுகும் கடைவாய்ப்பல், புதினா. அவர் துடைத்துத் துடைத்து விலைகளை வாங்கிக்கொண்டார்.

முதல் தொட்டிக்குக் கடைசி ஆளாகச் சிமாங் வந்தாள். காதுத் துவாரங்களில், தூர்ந்துபோகாமலிருக்க, துடைப்பத்திலிருந்து ஒடித்த ஈர்க்குச்சித் துண்டுகள். வழக்கம்போலக் கையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்தாள். அவர் விலைக்குக் காத்திருந்தார்.

"நான் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன், மாங் திபோ" என்றாள்.

அவ்வளவுதான். விலை சொல்லவில்லை. நிமிர்ந்து, வெறும் பாத்திரத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சதுப்புப் பக்கம் நடந்தாள். அவள் விட்டுப்போன மூச்சு அவர் கன்னத்தில் இருந்தது. அதில் கஞ்சி இல்லை, காப்பி இல்லை, ஒன்றுமே இல்லை.

திபுர்சியோ முதல் தொட்டிக்கு உதட்டை நீட்டினார், க்ளேதோவின் பக்கம். அடுத்த தொட்டியை இழுத்து வைத்தார்கள். க்ளேதோ அவசரமாக வந்து, கையை வாயருகே வைத்துக் குனிந்தார். "கும்பாரே" என்றார்.

துண்டு தோளிலேயே கிடந்தது. திபுர்சியோவின் உள்ளங்கை இடது காதை அழுத்தி மூடியிருந்தது. க்ளேதோ குனிந்தபடியே காத்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கை இறங்கவில்லை.